கசப்பை இழந்த பீர்: சென்னைக் கடற்கரையில் ஒரு பானமும் அதன் வரியும்

பெருந்தொழிலாக வடிக்கப்படும் லாகர் பீர் கடந்த நூறாண்டுகளில் தன் கசப்பையும் மணத்தையும் படிப்படியாக இழந்துவந்திருக்கிறது. பிரிட்டனில் இந்த இழப்போடு வீரியமும், அதாவது பானத்தில் உள்ள ஆல்கஹாலின் அளவும், சேர்ந்தே இறங்கியது. தமிழ்நாட்டிலோ சுவை இறங்க இறங்க வீரியம் ஏறியது. எதிரெதிர்த் திசைகளில் நடந்த இவ்விரு மாற்றங்களையும் தனித்தனியே பார்ப்பவர்கள் ஒன்றை நாகரிக மாற்றம் என்றும் மற்றொன்றைப் போதை விருப்பம் என்றும் சொல்லி நிறுத்திக்கொள்வதுண்டு. வரிச் சட்டங்களின் வரலாற்றோடு சேர்த்துப் படித்தால் இரண்டுக்கும் வேர் ஒன்றே என்பது புலப்படும்: அரசு எதை அளந்து வரி விதித்ததோ அதை ஆலைகள் சுருக்கின, எதை அளக்காமல் விட்டதோ அதைப் பெருக்கின, எந்தச் சட்டமும் அளக்காத சுவை இரு நாடுகளிலும் முதலில் கைவிடப்பட்டது.

இந்த வரலாற்றைப் படிப்பதற்குத் திருவான்மியூர் பொருத்தமான இடம். சம்பந்தரும் அப்பரும் பாடிய மருந்தீசர் கோயிலைச் சுற்றி அமைந்த இவ்வூர், செங்கற்பட்டு மாவட்டத்தின் சைதாப்பேட்டை வட்டத்துக் கிராமமாக நெடுங்காலம் இருந்து, 1970களின் பிற்பகுதியில்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தது. மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கிழக்கே கடலும் எல்லையாக, கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை எனக் கோவளம் வரை நீளும் மணற்பரப்பில் பனையும் தென்னையும் பிற்காலத்தில் சவுக்கும் நின்றன. மரத்துக்கு வரி கட்டி இறக்கிய கள், கப்பலில் வந்த ஆங்கில ஏல், சட்டம் காய வைத்த பத்தாண்டுகள், புட்டிக் கணக்கில் விற்கும் இன்றைய ஸ்ட்ராங் பீர் ஆகிய நான்கையும் சென்னையின் தென்கரை ஒன்றன்பின் ஒன்றாகக் கண்டிருக்கிறது.

தானியத்தை முளைகட்டி மதுவாக்கும் கலை இப்பகுதிக்குப் புதிதன்று. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, தொண்டை நாட்டில் அரிசிக் கள் வடித்த முறையைப் படிப்படியாக விவரிக்கிறது. தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைத்து, அகன்ற வாயுடைய தட்டில் ஆறவிட்டு, நெல்முளையை இடித்த மாவு என்று உரைகாரர் கொள்ளும் சேர்மானத்தைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வலிய வாயுடைய சாடியில் முதிரவிட்டு, பிறகு வடித்தெடுத்த பானம் அது. முளைக்கும் தானியம் தன்னுள் இருக்கும் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும் இயல்புடையது. அச்சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் உண்டு ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஐரோப்பியர் வாற்கோதுமையை முளைகட்டி உலர்த்தி மால்ட் ஆக்கிப் பீர் வடிப்பதும் இதே வேதிவினையால்தான். அரிசிக் கள் எப்போது வழக்கொழிந்தது என்பதைவிட, அதன் இடத்தை மரத்துக் கள் முழுமையாகப் பிடித்துக்கொண்டது என்பதே இங்கு முக்கியம்; கடற்கரை மணலில் நெல்லைவிடப் பனை மலிவு.

பனங்கள்ளும் தென்னங்கள்ளும் தாமாகவே விளைபவை. பாளையைச் சீவிக் கட்டிய கலயத்தில் சொட்டும் இனிய சாறு, காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட்டால் சில மணி நேரத்திலேயே நுரைக்கத் தொடங்குகிறது. கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் இந்த நொதித்தல் தடைபட்டு அது பதநீராக நிற்கிறது. சுண்ணாம்பு தடவாத கள்ளில் அரை நாளுக்குள் 4 முதல் 6 விழுக்காடு வரை ஆல்கஹால் சேர்கிறது, ஒரு நாள் கடந்தால் புளித்துக் காடியாகத் திரிகிறது. ஆகவே கள்ளின் வீரியத்துக்கு இயற்கையே ஒரு மேல்வரம்பு விதித்திருந்தது. இறக்கிய இடத்துக்கு அருகிலேயே அன்றைக்கே விற்றுத் தீர்க்க வேண்டிய பொருளாகவும் அது இருந்தது. நகரத்தின் விளிம்பில், நடக்கும் தொலைவில் தோப்புகள் இருந்த ஊர்களுக்கு இத்தொழிலில் இருந்த இடத்தை இந்த ஒரு பண்பே விளக்கிவிடும்.

இத்தொழிலை அரசு வருவாயோடு இறுகக் கட்டியது சென்னை மாகாணத்தின் 1886ஆம் ஆண்டு அப்காரிச் சட்டம். அப்காரி என்பது மது தயாரிப்பு, விற்பனை ஆகியவற்றின் மீதான வரியையும் உரிமத்தையும் சேர்த்துக் குறித்த சொல். இன்றைய ஆயத்தீர்வைத் துறையின் முன்னோடி அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டுகளில் பரவிய மரவரி முறையில், கள் இறக்கும் ஒவ்வொரு மரத்துக்கும் எண்ணிட்டு வரி வாங்கப்பட்டது. அதற்கு மேல், கடை நடத்தும் உரிமை ஏலத்தில் விடப்பட்டது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலத்தொகை என்ற இந்த ஏற்பாட்டில் கள்ளின் தரம் எங்கும் கணக்கில் வரவில்லை. ஏலத்தில் கைமீறிக் கேட்டுவிட்ட குத்தகைதாரர் தம் பணத்தை மீட்க எளிய வழி நீர் கலப்பதுதான் என்பதால், கலப்படப் புகாரும் அப்காரியும் இணைபிரியாமல் நடந்தன. வரி விதிக்கும் முறை பானத்தின் உள்ளடக்கத்தை மாற்றிவிடும் என்பதற்கு இக்கரையில் கிடைக்கும் முதல் சான்று இதுவே. 1930களில் மாகாணத்தின் மொத்த வருவாயில் ஏறத்தாழக் கால் பங்கு அப்காரியிலிருந்து வந்தது என்பதை நினைவில் கொண்டால், அந்த முறையில் எவரும் எளிதில் கைவைக்கத் துணியாதது ஏன் என்பதும் விளங்கும்.

கோட்டைக்குள்ளும் படைமுகாம்களிலும் இருந்த ஆங்கிலேயரின் பானம் வேறு. துறைமுகம் கட்டப்படாத காலத்தில், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து பீர்ப் பீப்பாய்கள் மசூலாப் படகுகளில் அலைகளைத் தாண்டிச் சென்னைக் கரைக்கு வந்தன. இலண்டனின் ஹாட்ஜ்சன் ஆலையும் அதன்பின் பர்ட்டன் நகரத்து ஆல்சாப், பாஸ் ஆலைகளும் இந்தியாவுக்கென்றே அனுப்பிய வெளிறிய ஏல், வீரியமும் கசப்பும் மிகுந்தது. ஏல் என்பது சற்று வெதுவெதுப்பான நிலையில், மேலே மிதந்து நொதிக்கும் ஈஸ்ட்டால் ஆகும் பீர். அதன் கசப்பு ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவிலிருந்து வருவது; மணத்தோடு, பானம் கெடாமல் காக்கும் தன்மையும் அப்பூவுக்கு உண்டு என்பதால் நீண்ட கடற்பயணத்துக்கு அதைத் தாராளமாகச் சேர்த்தார்கள். அந்நாளில் கசப்பு அலங்காரமாக இருக்கவில்லை, பீரைக் கரைசேர்க்கும் காப்பாக இருந்தது. கரைசேர்ந்த புட்டிகளை வெடியுப்பு கரைத்த நீரில் வைத்துக் குளிர்வித்த காலம் போய், அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து பனிக்கட்டி கப்பலில் வரத் தொடங்கியபோது, அதைச் சேமிக்க 1842இல் மெரினா கடற்கரையோரம் எழுந்த ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக நிற்கிறது.

அதே 1842இல்தான், பொகீமியாவின் பில்சன் நகரில், யோசெப் க்ரோல் என்னும் பவேரிய வடிப்பாளர் பொன்னிற லாகரை முதன்முதலில் வடித்தார். லாகர் குளிர்ந்த நிலையில், அடியில் படியும் ஈஸ்ட்டால் மெல்ல நொதித்து, பிறகு வாரக்கணக்கில் குளிர் அறையில் முதிர வைக்கப்படும் பீர்; இந்தச் சேமிப்புக் காலத்தில்தான் அதன் முரட்டுத்தனங்கள் அடங்கித் தெளிவு பிறக்கிறது. 1870களில் கார்ல் வான் லிண்டே உருவாக்கிய குளிர்பதன இயந்திரமும், 1883இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் பிரித்தெடுத்த தூய ஈஸ்ட்டும் கிடைத்த பிறகு, குளிர் நாடுகளுக்கே உரியதாக இருந்த லாகரை எந்த ஊரிலும் ஒரே சீராக வடிக்க முடிந்தது. பில்சனின் மூல லாகரில் இன்றும் கசப்பு ஏறத்தாழ 40 அலகு இருக்கிறது. ஹாப்ஸின் கசப்புப் பொருளை ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளக்கும் பன்னாட்டு அலகு அது. இன்றைய பெருந்தொழில் லாகர்கள் பெரும்பாலும் அதே அளவுகோலில் 10ஐ ஒட்டி நிற்கின்றன. சுவை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை இந்த இரண்டு எண்களைவிடத் தெளிவாகச் சொல்வது கடினம்.

தென்னிந்தியாவின் பீர் ஆலைகள் குளிருக்காகவே நீலகிரியை நாடின. வெலிங்டனில் இருந்த படைமுகாம் கைக்கெட்டிய சந்தையாகவும், படகர்கள் பயிரிட்ட வாற்கோதுமை அருகிலேயே கிடைத்த மூலப்பொருளாகவும் அமைந்தன. தாமஸ் லீஷ்மன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1915இல் தென்னிந்திய ஆலைகள் ஐந்தை ஒன்றாக்கி யுனைடெட் பிருவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். அவற்றுள் பழமையான காசில் பிருவரி 1857ஆம் ஆண்டைச் சேர்ந்தது. படையினருக்கான பீரைப் பெரும் பீப்பாய்களில் மாட்டுவண்டிகளில் ஏற்றி அனுப்பிய அந்நிறுவனத்தின் தலைமை, 1947இல் இயக்குநராகச் சேர்ந்த விட்டல் மல்லையாவிடம் அடுத்த ஆண்டே வந்தது. வாங்குவோரில் பெரும்பகுதியினர் கப்பலேறிய அந்த ஆண்டுகளிலேயே, ஆலைகளின் தாய்மண்ணான சென்னை மாகாணம் மதுவிலக்குக்குள் நுழைந்தது.

அதற்குள் பிரிட்டனில் பீர் மெலியத் தொடங்கி ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அங்கே 1880இல் பிரதமர் கிளாட்ஸ்டன் மால்ட் மீதான வரியை நீக்கி, நொதிப்பதற்கு முன் உள்ள சாற்றின் அடர்த்தியின் மீது வரியை மாற்றியமைத்தார். சர்க்கரை அதிகம் கரைந்த சாறு அடர்த்தி கூடியது, நொதித்த பின் வீரியமும் கூடியது. ஆகவே வீரியமான பீருக்கு வரி அதிகம் என்ற நிலை உருவாயிற்று. முதல் உலகப் போரில் தானியத்தைச் சேமிக்கவும் ஆயுத ஆலைத் தொழிலாளர்களின் குடியைக் கட்டுப்படுத்தவும் அரசு வரியைப் பன்மடங்கு உயர்த்தி உற்பத்திக்கும் வரம்பு விதித்தபோது, தண்ணீரைவிட 52 பாகை கூடுதலாக இருந்த சராசரி அடர்த்தி 1918இல் 30 பாகையை ஒட்டிச் சரிந்தது. போர் முடிந்த பின் ஓரளவு ஏறினாலும் பழைய நிலைக்கு அது திரும்பவே இல்லை. 1993இல் வரி நேரடியாக ஆல்கஹாலின் அளவுக்கு மாற்றப்பட்டது. 2023 ஆகஸ்டில் 3.5 விழுக்காட்டுக்குக் கீழ் உள்ள பானங்களுக்குச் சலுகை வரி வந்தது. 5.2 விழுக்காட்டில் விற்ற ஸ்டெல்லா ஆர்ட்வா அந்நாட்டில் படிப்படியாக 4.6க்கு இறங்கியதும், 3.8இல் இருந்த கார்ல்ஸ்பர்க் 3.4க்கு வந்து நின்றதும் இந்த நெடிய சரிவின் அண்மைப் படிகள். அமெரிக்காவில் வேறு வழியில் அதே விளைவு வந்தது: 1920 முதல் 1933 வரையிலான மதுவிலக்கைத் தாண்டிப் பிழைத்த சில பேராலைகள் அரிசியும் மக்காச்சோளமும் சேர்த்து இலேசாக்கிய லாகரையே நாடு முழுவதற்கும் வடித்தன, 1975இல் பரவலான விற்பனைக்கு வந்த மில்லர் லைட் அந்த இலேசையே விற்பனைப் பெருமையாக்கியது.

சென்னை மாகாணத்தின் மதுவிலக்கு இவற்றிலிருந்து மாறுபட்ட இலட்சியத்தில் பிறந்தது. 1920களின் தொடக்கத்தில் ஒத்துழையாமை இயக்கத்தினர் கள்ளுக்கடை மறியலில் இறங்கியபோது, ஈ.வெ.ரா. தம் தோப்பிலிருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டச் செய்தார். 1937 அக்டோபர் 1 அன்று இராஜாஜியின் அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் அதே அரசு கொண்டுவந்த பொது விற்பனை வரி, பின்னர் மாநிலங்களைத் தாங்கிய வரி வகைக்கு முன்மாதிரியானது. போர்க்காலத்தில் தளர்ந்த சட்டம், ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரின் ஆட்சியில் 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் நடைமுறைக்கு வந்தது. மரமேறிக் குடும்பங்கள் பதநீருக்கும் கருப்பட்டிக்கும் திருப்பிவிடப்பட்டன. மருத்துவ அனுமதி பெற்றவர்களுக்கும் வெளிநாட்டவருக்கும் மட்டுமே மது சட்டப்படி கிடைத்த அந்த இருபத்து மூன்று ஆண்டுகளில், பீரின் சுவை அறிந்த ஒரு தலைமுறை தமிழ்நாட்டில் உருவாகவில்லை என்பது பின்னால் வந்தவற்றை விளக்கும். நல்ல பீர் எது என்று கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர் இல்லாத சந்தைக்குள் ஆலைகள் பிறகு நுழைந்தன.

1971 ஆகஸ்ட் 30 அன்று மு. கருணாநிதியின் அரசு மதுவிலக்கை நிறுத்திவைத்தது. 1973, 1974ஆம் ஆண்டுகளில் கள்ளுக்கடைகளும் சாராயக் கடைகளும் மீண்டும் மூடப்பட்டு, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மீண்டும் திறக்கப்பட்டன. 1983இல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம், மக்கள் வழக்கில் டாஸ்மாக், மொத்த விற்பனையின் ஏகபோக உரிமையோடு பிறந்தது. சென்னையின் மேற்கு விளிம்பான வளசரவாக்கத்தில் மோகன் பிருவரீஸ் இயங்கத் தொடங்கியதும் அந்தப் பத்தாண்டில்தான். 1987 ஜனவரி 1 முதல் கள்ளும் சாராயமும் தடை செய்யப்பட்டன. இந்தத் தேதிக்கு உரிய கவனம் கிடைப்பதில்லை. இயற்கையாகவே 6 விழுக்காட்டுக்கு மேல் ஏறாத கள் அன்று சட்டவிரோதமாயிற்று, 42.8 விழுக்காடு ஆல்கஹால் கொண்ட பிராந்தியும் ரம்மும் சட்டப்படி நின்றன. திருவான்மியூரின் தெற்கே மிஞ்சியிருந்த தென்னைகள் இளநீருக்கும் கீற்றுக்கும் மட்டும் என்றாயின. உழைத்துக் களைத்தவர் குறைந்த வீரியத்தில் குடிக்கக்கூடிய மலிவான பானம் சந்தையிலிருந்து நீங்கிய வெற்றிடத்தில், அதன் வேலையைச் செய்ய அழைக்கப்பட்டது பீர். அதற்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகள் வேறு.

அந்நிபந்தனைகளைப் புரிந்துகொள்ளச் சிறிய கணக்குப் போதும். 650 மில்லி கொண்ட ஒரு புட்டி பீர் 4.8 விழுக்காடு வீரியமுடையதாயின் அதில் இருக்கும் தூய ஆல்கஹால் ஏறத்தாழ 31 மில்லி. 8 விழுக்காடாயின் 52 மில்லி. 180 மில்லி கொண்ட ஒரு குவாட்டர் பிராந்தியில் அது 77 மில்லி. இந்தியாவில் மது மீதான வரி மாநிலங்களின் அதிகாரம். 2017இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரியும் அதைத் தொடவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் பீரின் மீதான சுமை புட்டி, பெட்டி என்ற அளவைச் சார்ந்தே அமைந்து, உள்ளிருக்கும் ஆல்கஹாலோடு ஒப்பிட்டால் பிராந்தியைவிடப் பீருக்கு வரி அதிகம் என்ற நிலை நீடிக்கிறது. கடை வழக்கில் லைட் எனப்படும் 5 விழுக்காட்டுக்குட்பட்ட பீருக்கும் ஸ்ட்ராங் எனப்படும் பீருக்கும் இடையிலான விலை வேறுபாடு, அவற்றின் வீரிய வேறுபாட்டுக்கு ஈடாக இருப்பதில்லை. நாட்கூலியில் ஒரு பகுதியைக் கடை முகப்பில் நீட்டுபவர் ஏறக்குறைய அதே பணத்துக்கு 31 மில்லியை விட்டு 52 மில்லியை எடுப்பதில் வியப்பில்லை. அதை ஒழுக்கக்கேடு என்பவர்கள் விலைப்பட்டியலைப் படிக்கத் தவறியவர்கள்.

ஆலைகள் அந்தப் பட்டியலைச் சரியாகவே படித்தன. 1980களில் ஷா வாலஸ் நிறுவனத்தின் ஹேவர்ட்ஸ் 5000, மைசூர் பிருவரீஸின் நாக் அவுட் போன்ற பெயர்கள் வந்தன. 1978இல் மென்மையான லாகராகவே அறிமுகமான கிங்ஃபிஷருக்கும் 1990களின் இறுதியில் ஸ்ட்ராங் உடன்பிறப்பு பிறந்தது. இன்று இந்தியாவில் விற்கும் பீரில் ஐந்தில் நான்கு பங்கு ஸ்ட்ராங் வகை. பெயர்களே எதை விற்கின்றன என்பதைச் சொல்லிவிடுகின்றன: ஆயிரக்கணக்கில் எண்ணும், குத்துச்சண்டைச் சொல்லும் புட்டியின் மேல் நிற்க, எந்த வாற்கோதுமை, எந்த ஹாப்ஸ், எத்தனை வாரம் முதிர்ந்தது என்ற செய்திகளுக்கு அங்கே இடமில்லை.

வீரியம் ஏறியபோது சுவை ஏன் இறங்கியது என்பது இங்கு விளக்கம் வேண்டும் இடம், ஏனெனில் வீரியமும் சுவையும் இயல்பில் பகைகள் அல்ல. மால்ட்டைக் கூட்டி வீரியத்தை உயர்த்தினால் பானம் கனமும் மணமும் பெறும். ஆனால் மால்ட் விலை மிகுந்தது. அரிசிக் குருணை, மக்காச்சோள மாவு, சர்க்கரைப் பாகு ஆகியவை மலிவாக ஆல்கஹாலைத் தருகின்றன, சுவைக்கு எதையும் தருவதில்லை. இராஜஸ்தானிலும் அரியானாவிலும் விளையும் வாற்கோதுமையில் புரதம் சற்று அதிகம் என்பதால் அதன் கலங்கலைக் குறைக்கவும் அரிசி உதவுகிறது. ஹாப்ஸ் பெரும்பாலும் இறக்குமதி. ஆகவே அது குறைந்தபட்ச அளவுக்குச் சுருங்கியது. அடர்த்தி மிகுந்த சாற்றை ஈஸ்ட்டிடம் கொடுத்து விரைவாக நொதிக்கச் செய்யும்போது கனமான ஆல்கஹால்களும் பழநெடி தரும் பொருள்களும் கூடுதலாக உண்டாகின்றன. அவற்றை அடக்கக்கூடிய நீண்ட குளிர்முதிர்ச்சிக்குத் தொட்டியும் மின்சாரமும் காலமும் செலவாகும். உலகின் பேராலைகள் பல, தேவைக்கு மேல் வீரியமாக வடித்துப் பின்னர் உயிர்வளி நீக்கிய நீரைச் சேர்த்து விற்பனை வீரியத்துக்கு இறக்கும் முறையையும் கைக்கொள்கின்றன. தொட்டி ஒன்றில் கூடுதல் புட்டிகள் கிடைப்பதே அதன் நோக்கம். இவ்வளவுக்கும் பிறகு மிஞ்சும் இனிப்பும் எரிச்சலும் கலந்த திரவம், வெயிலில் நிற்கும் லாரியிலும் தகரக்கூரைக் கிடங்கிலும் வாரங்களைக் கழித்துவிட்டுக் கடைக்கு வருகிறது.

அங்கே அது குளிர்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே வாடிக்கையாளரின் கோரிக்கை. கூலிங் இருக்கிறதா என்பதே சென்னைக் கோடையில் மதுக்கடை முகப்பில் முதலில் எழும் கேள்வி. மிகுந்த குளிர் நாவின் உணர்வை மழுங்கச் செய்வது; பீரில் குற்றம் இருந்தாலும் குணம் இருந்தாலும் அது இரண்டையும் ஒருசேர மறைத்துவிடும். 2003 நவம்பர் 29 முதல் சில்லறை விற்பனையும் டாஸ்மாக்கின் கைக்கு வந்த பிறகு, ஆலையிடம் வாங்குபவரும் குடிப்பவரிடம் விற்பவரும் ஒரே அரசுக் கழகம் என்றாயிற்று. எந்த வகை எந்தக் கடைக்கு எத்தனை பெட்டி போகும் என்பது கொள்முதல் ஆணையில் தீர்மானமாகிறது. மது விளம்பரத்துக்கும் தடை இருப்பதால், மேலான பீர் ஒன்றை வடித்தவர் அதைக் குடிப்பவரிடம் எடுத்துச் சொல்லவும் வழியில்லை. சுவைக்காகச் செலவழிக்கும் ஆலைக்கு எந்தப் பயனும் கிட்டாத ஓர் ஏற்பாட்டில் சுவை வளரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. டாஸ்மாக் வழியாக அரசுக்கு 2023-24இல் கிடைத்த வருவாய் 45,855 கோடி ரூபாய். அப்காரிக் காலத்தின் பழைய கேள்வி, அதாவது இவ்வளவு பெரிய வருவாயைத் தரும் முறையைத் திருத்த எந்த அரசு துணியும் என்பது, இன்னும் பெரிய தொகையோடு அப்படியே இருக்கிறது.

வேறு வழிகள் இருந்தன என்பதற்குத் தொலைவில் தேட வேண்டியதில்லை. இலங்கையின் நுவரெலியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிய வடிப்பு மரபிலிருந்து வந்த லயன் ஸ்டவுட், 8 விழுக்காட்டைத் தாண்டிய வீரியமுடையது. வறுத்த மால்ட்டின் காப்பி மணமும் கசப்பும் நிறைந்த அந்தக் கரிய பீர், வீரியத்தால் சுவை கெட்டே தீரும் என்ற வாதத்தை மறுக்கிறது. பெங்களூரில் 2010ஆம் ஆண்டையொட்டி அனுமதிக்கப்பட்ட சிற்றாலைகள், உணவகத்துக்குள்ளேயே சிறு தொட்டிகளில் வடித்து அங்கேயே ஊற்றுபவை. கிடங்கும் லாரியும் இடையில் இல்லாததால் புதுப் பீரின் மணம் கெடுவதில்லை, வடிப்பவரும் குடிப்பவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பதால் குறை கூறவும் கேட்கவும் முடிகிறது. திருவான்மியூரில் தொடங்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை எட்டும் புதுச்சேரியிலும் அத்தகைய பீர் கிடைக்கிறது.

வரியைக் கருவியாகக் கொண்டு குடியின் இயல்பையே மாற்றிய நாடு டென்மார்க். 1917இல் போர்க்காலத் தானியத் தட்டுப்பாட்டின்போது அந்நாடு அக்வாவிட் என்னும் தன் வடிசாராயத்தின் மீதான வரியைப் பத்து மடங்குக்கும் மேலாக விலை ஏறும்படி உயர்த்தி, பீருக்கு மிதமாக மட்டுமே கூட்டியது. சாராயம் குடித்தவர்கள் பெருமளவில் பீருக்கு மாறினார்கள்; தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடும் ஆல்கஹால் நுகர்வும் குடிநோயும் சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்தன. வடிசாராயத்துக்குச் சாதகமாகவும் நொதிபானத்துக்குப் பாதகமாகவும் நிற்கும் தமிழ்நாட்டு ஏற்பாட்டுக்கு நேர் எதிரான முறை அது. பிரிட்டனின் அனுபவத்திலும் பாடம் உண்டு: வீரியத்தின் மீது வரி விதித்த நாடு சுவையைக் காக்கவில்லை என்பது உண்மைதான், ஆனால் குடிப்பவரின் ஈரலை அது ஓரளவு காத்தது. இரண்டையும் இழந்த ஏற்பாட்டோடு ஒப்பிடும்போது அது சிறிய ஆதாயம் அன்று.

மது முற்றிலும் ஒழிய வேண்டும் என்பவர்களின் கவலை நேர்மையானது. குடியால் சிதைந்த குடும்பங்களைப் பார்த்து எழுந்த அந்தக் குரலைத் தமிழ்நாட்டின் எந்த ஆய்வும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் அரசே கடை நடத்தும் காலம் நீடிக்கும்வரை, அந்தக் கடை எந்தப் பானத்தை மலிவாக்குகிறது, எதை விலை ஏற்றுகிறது என்பது அரசின் பொறுப்பு. கள்ளுக்குத் தடையை நியாயப்படுத்தும் அளவுகோல் எதுவாயினும் அது குவாட்டருக்கும் ஸ்ட்ராங் பீருக்கும் பொருந்தியாக வேண்டும்; பொருந்தாத அளவுகோலைத் திருத்துவதே முறை. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2018ஆம் ஆண்டு மதுபான விதிகள், 5 விழுக்காடு வரை உள்ள பீரை ஒரு வகையாகவும் அதற்கு மேல் 8 விழுக்காடு வரை உள்ளதை மற்றொரு வகையாகவும் ஏற்கெனவே பிரித்துவைத்திருக்கின்றன. அந்தக் கோட்டின் இருபுறமும், பிராந்தி புட்டியின் மீதும், வரி உள்ளிருக்கும் ஆல்கஹாலின் அளவுக்கு நேர்விகிதத்தில் அமைய வேண்டும். அதற்குத் தேவையானது ஆயத்தீர்வை அட்டவணையில் ஒரு திருத்தம், அதைச் செய்யும் அதிகாரம் முழுவதும் மாநில அரசிடமே இருக்கிறது.